குருதி வகைகளை வகுக்கும் நொதியங்கள்

குருதி என்னுஞ் சொல் உடலில் ஓடும் செந்நீரைமட்டும் குறித்து வழங்குவதன்று. குலம், உறவு, உரிமை, பழி, தியாகம் ஆகிய பல கருத்துக்கள் அதனோடு ஒட்டி நிற்கின்றன. ஒரே இரத்தம் என்றால் உறவு; வேறு இரத்தம் என்றால் அயல். இவ்வெண்ணம் எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையானதன்று. ஆகவே ஒருவர் குருதியை இன்னொருவர் உடலிற் செலுத்தலாமோ என்னும் வினாவை மருத்துவர் எழுப்பியபோது, இந்தப் பழைய எண்ணமும் கூடவே எழுந்தது. எவருடைய குருதி எவருக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பவை கலங்களுக்குள்ளே கண்ணுக்குப் புலனாகாது தொழில்புரியும் சில நொதியங்களே என்பதை அறிய மனிதருக்கு முந்நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த அறிவு வளர்ந்த வரலாறு பல நாட்டாரும் சேர்ந்து எழுதிய வரலாறாகும்.

1628ஆம் ஆண்டிலே ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, குருதி உடலெங்கும் சுற்றியோடுகின்றது என்பதை நூலொன்றின் வாயிலாக நிறுவினார். சுற்றியோடுவதாயின் ஓருடலிலிருந்து இன்னோருடலுக்கும் அதனைப் பாயவிடலாமன்றோ? 1665இல் ஒக்ஸ்போர்டு நகரில் ரிச்சர்ட் லோவர் என்பார் ஒரு நாயின் குருதியை இன்னொரு நாய்க்குச் செலுத்திக் காட்டினார். 1667இல் பிரான்சு நாட்டு மருத்துவர் டெனிஸ் ஆட்டுக்குட்டியின் குருதியை மனிதருக்கே செலுத்தினார். ஆட்டின் குருதி சாந்த குணத்தைத் தருமென்றும் அக்காலத்தார் நம்பினர். முதலிற் சிலர் பிழைத்தனர். ஆனால் அடுத்த ஆண்டில் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவர் இறக்கவே, வழக்கு நீதிமன்றம் ஏறியது. அதன்பின் பிரான்சிலே இம்முறை தடைசெய்யப்பட்டது. ஏனைய நாடுகளிலும் அது கைவிடப்பட்டு, நூற்றைம்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.

அதனைத் துயிலெழுப்பியது பிள்ளைப்பேற்றுத் துயரமாகும். பேற்றின்போது குருதி பெருகித் தாய்மார் இறப்பதைக் கண்டு மனம் பொறாத இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளன்டெல், 1818இல் மனிதக் குருதியை மனிதருக்கே செலுத்தலானார். விலங்கின் குருதி மனிதருக்கு ஒவ்வாதென்பதை அவர் தம் சோதனைகளால் உணர்ந்திருந்தார். அவர் இம்முறையைக் கையாண்ட நோயாளர் பத்துப்பேர் அளவினர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்தனர். ஏனையோர் ஏன் பிழைத்திலர் என்பது அவருக்கும் விளங்கவில்லை. அவருக்குப் பின்வந்தோருக்கும் விளங்கவில்லை. ஒரே வகையான சிகிச்சை ஒரு தாயைக் காத்தது. இன்னொரு தாயைக் கொன்றது. இந்த மர்மமே பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் மருத்துவர் கையைக் கட்டிவைத்தது.

மர்மத்தின் கதவைத் திறந்தவர் வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்ரைனர். குருதியைச் சிறிதுநேரம் உறையவிட்டால் தெளிந்த நீர்ப்பாயம் மேலே பிரிந்து நிற்கும். ஒருவருடைய நீர்ப்பாயத்தில் இன்னொருவருடைய செங்குழியங்களைக் கலந்தால், சிலவேளைகளில் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. சிலவேளைகளில் அவ்வாறு திரள்வதில்லை. இது நோயின் விளைவென்றே பலரும் கருதியிருந்தனர். லாண்ட்ஸ்ரைனர் தம் குருதியையும் ஆய்வுகூடத்திலே தம்முடன் பணிபுரிந்த நலமிக்கவர்களின் குருதியையும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஏனைய எல்லாவற்றோடும் முறையாகக் கலந்து அட்டவணை வகுத்தார். ஒட்டலும் ஒட்டாமையும் ஓர் ஒழுங்கிலே அமைந்திருந்தன. 1901இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை மனிதர் குருதியை மூன்று வகையாகப் பிரித்தது. அடுத்த ஆண்டில் அவருடைய தோழர் நான்காவது வகையையும் கண்டனர். இன்று ஏ, பீ, ஏபீ, ஓ என்று பாடசாலைப் பிள்ளைகளும் சொல்லும் நால்வகை அவையே.

விதி எளியது. ஏ வகையினரின் செங்குழியத்தின்மீது ஏ என்னும் அடையாளப்பொருள் உண்டு. அவர் நீர்ப்பாயத்தில் பீயைத் தாக்கும் பிறபொருளெதிரி உண்டு. பீ வகையினருக்கு இது மறுதலையாக அமையும். ஏபீ வகையினரிடம் இரண்டு அடையாளங்களும் உண்டு, எதிரி எதுவுமில்லை. ஓ வகையினரிடம் அவ்வடையாளங்கள் இரண்டும் இல்லை. இரு எதிரிகளும் உண்டு. பிளன்டெல்லின் நோயாளருட் சிலர் பிழைத்ததும் சிலர் மாண்டதும் இவ்வாறு விளங்கின. ஆயினும் உலகம் இதனை உடனே பாராட்டவில்லை. செலுத்துமுன் இருவர் குருதியையும் கலந்து பார்க்கும் வழக்கம் 1907இல் நியூயோர்க்கில் தொடங்கியது. முதலாம் உலகப்போர் அதன் அருமையை எல்லோருக்கும் உணர்த்தியது. லாண்ட்ஸ்ரைனருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1930இலேயாம்.

இவ்வகைகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகின்றன என்பதை 1910இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் வொன் டுங்கெர்ன், லுட்விக் ஹிர்ஸ்பெல்ட் என்னும் இருவர் குடும்பங்களை ஆராய்ந்து காட்டினர். பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஏயோ பீயோ பிள்ளையிடம் தோன்றுவதில்லை. 1924இல் கணித அறிஞர் பெலிக்ஸ் பேர்ன்ஸ்டைன், ஒரே பரம்பரையலகின் மூன்று வடிவங்களே இவை அனைத்துக்கும் காரணமெனக் கணக்கால் நிறுவினார்.

பரம்பரை என்றவுடன் பழைய குல எண்ணம் மீண்டும் தலைதூக்கியது. முதலாம் உலகப்போரின் இறுதியிலே கிரேக்க நாட்டின் சலோனிக்கா நகரில் பல தேசத்துப் படைவீரர் குழுமியிருந்தனர். ஹிர்ஸ்பெல்ட்டும் மருத்துவராகிய அவர் மனைவியும் எண்ணாயிரம் பேரளவில் குருதியைச் சோதித்து, 1919இல் முடிவை வெளியிட்டனர். ஐரோப்பாவின் மேற்கிலே ஏ மிகுதி. கிழக்கே இந்தியாவை நோக்கிச் செல்லச்செல்லப் பீ மிகுதி. விகிதம் வேறுபட்டதேயன்றி, அவர்கள் ஆராய்ந்த எந்த மக்களிடத்தும் ஏயோ பீயோ முற்றாக இல்லாமற் போகவில்லை. ஆயினும் அவ்விகிதத்துக்கு அவர்கள் இட்ட பெயரில் இனம் என்ற சொல் புகுந்துவிட்டது. அதனைப் பற்றிக்கொண்டு, குருதி வகையால் இனங்களின் உயர்வு தாழ்வை அளக்கலாமென எண்ணியோர் எழுந்தனர். 1926இல் ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளில் இதற்கெனச் சங்கமொன்றும் நிறுவப்பட்டது. பின்னர் நாசிகள் போலந்தைக் கைப்பற்றியபோது, யூத மரபிற் பிறந்த ஹிர்ஸ்பெல்ட் வார்சோ நகரில் யூதருக்கென மதிலெழுப்பிய சேரியில் அடைக்கப்பட்டார். அங்கும் நோயாளரைப் பேணி, இளைஞருக்கு மருத்துவம் கற்பித்த அவர், பின்னர் தப்பி உயிர்பிழைத்தார். கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலும், இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே கறுப்பு மக்கள் வழங்கிய குருதியைச் செஞ்சிலுவைச் சங்கம் வேறாகக் குறித்து வைத்தது. அவ்வழக்கம் 1950இலேதான் கைவிடப்பட்டது. குருதியில் நிறம் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதை அறிவியல் அதற்கு முன்னரே கூறியிருந்தது. கேட்கும் செவிகள் இருக்கவில்லை.

அவ்வாறாயின், குருதியில் எழுதப்பட்டிருப்பது யாது? ஏ என்றும் பீ என்றும் அழைக்கப்படும் பொருள் எத்தகையது? இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் இலண்டனிலுள்ள லிஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த வால்டர் மோர்கனும் வினிபிரெட் வோட்கின்ஸ் அம்மையாரும் ஆவர். செங்குழியத்தின் மேற்பரப்பிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தல் மிகக் கடினம். ஆனால் நோயுற்ற சூலகத்தில் தோன்றும் நீர்க்கட்டிகளின் பாயத்தில் அதே அடையாளங்கள் பெருமளவிற் கரைந்திருந்தன. சத்திரசிகிச்சையில் எறியப்படும் அப்பாயமே அவர்களுக்குப் பொற்சுரங்கமாயிற்று.

அவர்கள் கையாண்ட முறை நுணுக்கமானது. விலாங்கு மீனின் நீர்ப்பாயத்துக்கு ஓ வகைச் செங்குழியங்களைத் திரட்டும் ஆற்றல் உண்டு. சிலவகை அவரை வித்துக்களின் சாற்றுக்கு ஏ வகைச் செங்குழியங்களைத் திரட்டும் ஆற்றல் உண்டு. அத்தகைய சாற்றில் முதலில் ஏதேனும் ஒரு வெல்லத்தைச் சேர்த்துப் பின்னர் செங்குழியங்களைச் சேர்த்தால் என்ன நிகழும்? சாறு நாடித்தேடும் வெல்லம் அதுவேயாயின், சாற்றின் ஆற்றல் அவ்வெல்லத்திலேயே செலவழிந்துவிடும், செங்குழியங்கள் திரளா. இவ்வாறு ஒவ்வொரு வெல்லமாகச் சோதித்து, 1952இலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் அவர்கள் விடை கண்டனர். விலாங்கின் நீர்ப்பாயம் நாடிய வெல்லம் பியூக்கோசு. ஏயின் அடையாளம் அசற்றைல் கலக்டோசமைன். பீயின் அடையாளம் பாலில் உள்ள வெல்லத்தின் ஒரு கூறாகிய கலக்டோசு. அமெரிக்காவில் எல்வின் கபட் என்பாரும் இதே பாதையில் உழைத்தார். மனிதரைப் பிரித்த அடையாளம் ஒரு துளி வெல்லமாகவே முடிந்தது.

அதே 1952ஆம் ஆண்டிலே பம்பாயிலிருந்து வியப்பூட்டும் செய்தி வந்தது. அந்நகரத்து மருத்துவர் பேண்டேயும் அவர் தோழரும் மூவரிடத்திற் புதுமையானதொரு குருதியைக் கண்டனர். சோதனையில் அது ஓ வகை போலவே தோன்றியது, ஏயுமில்லை, பீயுமில்லை. ஆனால் அம்மூவரின் நீர்ப்பாயமோ ஓ வகைச் செங்குழியங்களையும் திரட்டியது. எவருக்கும் கொடுக்கலாமென்று கருதப்பட்ட ஓ வகைக் குருதியே அவர்களுக்கு நஞ்சாயிற்று. ஆராய்ச்சிக் கட்டுரையில் பம்பாய் மருத்துவரோடு மோர்கனும் வோட்கின்ஸ் அம்மையாரும் கையொப்பமிட்டனர். ஓ வகையினரிடம் ஒன்றுமில்லை என்பது பிழையென்றும், அவர்களிடம் எச் என்னும் அடிப்படை அடையாளம் உண்டென்றும், பம்பாய் வகையினரிடம் அதுவும் இல்லையென்றும் தெளிவாயின. இத்தகைய பெண்ணொருத்தி தன்னிடத்தில் வெளிப்படாத பீ இயல்பைத் தன் பிள்ளைக்கு வழங்கியமை 1955இல் அமெரிக்காவில் அறியப்பட்டது. இல்லாததை எவ்வாறு கொடுத்தல் கூடும்?

நொதியம் என்னும் கருத்தே இப்புதிரை விடுவித்தது. பரம்பரையலகு ஒவ்வொன்றும் ஒரு நொதியத்தை ஆக்குவிக்கின்றது என்ற கொள்கை 1941இல் அமெரிக்காவிலே பீடிலும் டேட்டமும் செய்த ஆய்விலிருந்து பிறந்தது. பரம்பரையலகு ஆக்குவது புரதத்தையே, வெல்லத்தை அன்று. ஆதலின் குருதி வகைப் பரம்பரையலகு நேராக ஏ அடையாளத்தை ஆக்குவதில்லை. அந்த வெல்லத்தைக் கொண்டுவந்து பூட்டும் நொதியத்தையே அது ஆக்குகின்றது என 1959இல் வோட்கின்ஸ் அம்மையாரும் மோர்கனும் கூறினர்.

பொற்கொல்லரின் பட்டடையை எண்ணினால் இது எளிதில் விளங்கும். செங்குழியத்தின் மேற்பரப்பிலே வெல்லங்களாலான சங்கிலிகள் எண்ணிறந்தன தொங்குகின்றன. முதலில் எச் நொதியம் என்னும் கொல்லர் சங்கிலியின் நுனியில் பியூக்கோசு என்னும் ஒரு வளையத்தைப் பூட்டுகின்றார். அவ்வளையம் பூட்டிய சங்கிலியையே அடுத்த கொல்லர் தொடுவார். ஏ நொதியம் அதில் அசற்றைல் கலக்டோசமைன் என்னும் பதக்கத்தைச் சேர்க்கும். பீ நொதியம் கலக்டோசு என்னும் பதக்கத்தைச் சேர்க்கும். ஓ வகையினரிடம் இந்த இரண்டாவது கொல்லர் தொழில் செய்வதில்லை; ஆகவே சங்கிலி எச் வளையத்தோடு நின்றுவிடுகின்றது. பம்பாய் வகையினரிடம் முதற்கொல்லரே இல்லை. பதக்கம் பூட்ட வல்ல ஏ நொதியமோ பீ நொதியமோ இருப்பினும், பூட்டுவதற்கு வளையமில்லாமையால் அது கைகட்டி நிற்கின்றது. தாயிடம் வெளிப்படாத பீ பிள்ளையிடம் வெளிப்பட்டது இதனாலேயாம். பிள்ளைக்குத் தந்தையிடமிருந்து எச் நொதியம் கிடைத்தது. தாயிடமிருந்து பீ நொதியம் கிடைத்தது.

கருத்தாகக் கூறப்பட்ட நொதியம் விரைவிலே கைக்கும் அகப்பட்டது. 1968இல் தாய்ப்பாலிலே ஏ நொதியமும் பீ நொதியமும் தொழிற்படுவதை அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். ஆனால் அதனைத் தூய்மையாகப் பிரித்து அதன் அமைப்பை அறிவதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. டென்மார்க் நாட்டுக் கிளௌசன் மனித நுரையீரல் இழையத்திலிருந்து ஏ நொதியத்தைப் பிரித்தெடுத்தார். அதன் துணைகொண்டு, 1990இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் யமமோட்டோ, ஹக்கோமோரி முதலியோர் அதனை ஆக்கும் பரம்பரையலகின் எழுத்துக்களை முழுமையாகப் படித்தனர். அப்பரம்பரையலகு ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது.

அவர்கள் படித்த செய்தி எவரையும் சிந்திக்க வைப்பதாகும். அந்நொதியம் 354 அமினோவமிலங்கள் கோத்த ஒரு புரதம். ஏ நொதியத்துக்கும் பீ நொதியத்துக்கும் உள்ள வேற்றுமை 176, 235, 266, 268 என்னும் நான்கு இடங்களில் மட்டுமே. எஞ்சிய 350 இடங்களிலும் இரண்டும் ஒன்றே. ஓ வகையின் கதை இன்னும் சிறியது. பரம்பரையலகின் எழுத்துக்களைக் கலம் மும்மூன்றாகக் கூட்டிப் படிக்கின்றது. பெரும்பாலான ஓ வகையினரிடம் அந்த ஏட்டில் ஒரேயோர் எழுத்து விடுபட்டுள்ளது. ஏடெழுதுவோர் ஓரெழுத்தை விட்டால் ஒரு சொல் மட்டும் கெடும். இங்கோ மும்மூன்றாகப் பிரிக்கும் முறையே பிறழ்ந்து, அதன்பின் வரும் எல்லாம் பொருளற்றுப் போகின்றன. புரதம் பாதிவழியில் முறிந்து நிற்கின்றது. தொழில் செய்ய வல்ல நொதியம் தோன்றுவதில்லை.

நான்கு மாற்றங்கள் எவ்வாறு தொழிலை மாற்றுகின்றன என்பதையும் அறிய அந்நொதியத்தின் வடிவத்தைக் காணவேண்டியிருந்தது. 2002இல் கனடா நாட்டு ஆய்வாளர் அதனைப் பளிங்காக்கி, ஊடுகதிர் செலுத்தி அதன் வடிவத்தை வெளிப்படுத்தினர். இரண்டு மடிப்புகளும் அவற்றின் நடுவே ஒரு பிளவுமாக அது அமைந்துள்ளது. பொற்கொல்லரின் குறட்டைப் போன்றது என்னலாம். வெல்லம் தானே தனித்து வருவதில்லை. காவியொன்றோடு பிணைந்து வருகின்றது. பிளவிலுள்ள மங்கனீசு அணுவொன்று அக்காவியைப் பிடித்து நிறுத்தத் துணைசெய்கின்றது. நொதியம் வெல்லத்தைக் காவியிலிருந்து பிரித்துச் சங்கிலியின் நுனியிலே பூட்டுகின்றது. 266ஆம், 268ஆம் இடங்கள் அக்குறட்டின் வாயிலேயே அமைந்துள்ளன. ஏ நொதியத்தில் அவ்விடம் சற்று அகன்றது. ஆதலின் பருத்த அசற்றைல் கலக்டோசமைன் அதில் அமர்கின்றது. பீ நொதியத்தில் அவ்விடத்து அமினோவமிலங்கள் பெரியவை. வாய் ஒடுங்கிவிட, சிறிய கலக்டோசே அதில் நன்கு பொருந்துகின்றது. ஒரு சில அணுக்களின் பருமனே ஏ என்றும் பீ என்றும் மனிதரைப் பிரிக்கின்றது.

இவ்வேற்றுமை மனித குலத்திலும் பழையது. கிபன் என்னும் குரங்கினத்திடத்தும் மனிதரிடத்தும் உள்ள ஏ, பீ வடிவங்கள் ஒரு பொது மூதாதையரிடமிருந்து வந்தவை என்றும், அவை இரண்டு கோடி ஆண்டுகளாவது நிலைத்துள்ளன என்றும் 2012இல் ஆய்வாளர் காட்டினர். குலங்களும் நாடுகளும் தோன்றுவதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்னரே ஏயும் பீயும் தோன்றிவிட்டன. அவ்வாறு அவை நிலைத்தமைக்கு நோய்களும் ஒரு காரணமாகலாம். ஓ வகையினருக்கு மலேரியாவின் கடுமை குறைவு. வாந்திபேதியின் கடுமையோ அதிகம். ஒரு வகை ஓரிடத்தில் நன்மையும் இன்னோரிடத்தில் தீமையும் பயத்தலால், எல்லா வகையிலும் சிறந்த வகையென்று ஒன்றில்லை.

பூட்டும் நொதியம் உண்டாயின், கழற்றும் நொதியமும் உண்டன்றோ? 1982இல் நியூயோர்க்கில் கோல்ட்ஸ்டைன் குழுவினர், வறுக்காத கோப்பிக் கொட்டையிலிருந்து பெற்ற நொதியமொன்றால் பீ வகைச் செங்குழியத்தின் பதக்கத்தைக் கழற்றி, அதனை ஓ வகையாக்கினர். அக்குருதி வேற்று வகையினர் உடலிலும் தீங்கின்றி நிலைத்தது. ஏ பதக்கத்தைக் கழற்றல் மேலும் கடினமாயிருந்தது. 2007இல் பற்றீரியங்களிலிருந்து அதற்கேற்ற நொதியத்தைக் கிளௌசன் குழுவினர் பெற்றனர். 2019இல் கனடாவிலும், 2024இல் டென்மார்க்கிலும் சுவீடனிலும், மனிதக் குடலில் வாழும் பற்றீரியங்களிடமிருந்தே இன்னும் வல்ல நொதியங்கள் பெறப்பட்டன. குடலின் சளியிலும் இதே வெல்லச் சங்கிலிகள் உண்டு; அவற்றை உண்டு வாழும் அந்நுண்ணுயிர்கள் கழற்றுந் தொழிலை நெடுங்காலமாகவே கற்றுவைத்திருந்தன. மருத்துவமனைகளில் வழமையாகக் கையாளும் நிலையை இம்முறை இன்னும் எட்டவில்லை. எட்டுமாயின், வகை பாராது குருதி வழங்கும் காலம் வரும்.

அதுவரையும் பிறர் கொடுக்கும் குருதியே உயிர்காக்கும். பிள்ளைப்பேற்றுக் கட்டிலில் குருதி பெருகிக் கிடக்கும் தாய்க்கு வேண்டுவது அவளுடைய குருதிக்குப் பொருந்தும் குருதி. அது உடன்பிறந்தாரிடம் இல்லாதிருக்கலாம். அவளுடைய ஊரையும் மொழியையும் ஒருபோதும் அறியாத ஒருவரிடம் இருக்கலாம். பம்பாய் வகைக் குருதி தேவைப்படுவோருக்கோ, அதே வகையினர் எந்த நாட்டில் இருப்பினும் அவரே உறவினர். ஓர் எழுத்தின் விடுபாடும் நான்கு அமினோவமிலங்களின் மாற்றமுமே குருதியிலுள்ள வேற்றுமை என்பதை அறிந்தபின்னும், அதன் பெயரால் மனிதரை உயர்ந்தோர் என்றும் தாழ்ந்தோர் என்றும் பிரிப்பார்க்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. குருதியை மனமுவந்து கொடுப்பார்க்கோ அவ்வறிவியலே துணைநிற்கின்றது.